ராமக்கல்மெட்டு: அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும், எந்த மாசம் சரியா வரும்?

வைகைக்கரை · ஜூலை 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில இருக்கேன். ஆகஸ்ட் முதல் ஞாயிறு ராமக்கல்மெட்டு போகலாம்னு இருக்கோம். கேரளத்துல இடுக்கி மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற மலை முகடு அது. நான், வீட்டுக்காரி, 6 வயசுப் பொண்ணு, அம்மா. அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி உண்டு. மெதுவா நடப்பாங்க, ஆனா நிக்காம நடப்பாங்க.

காலையில 5 மணிக்குக் கிளம்பி, தேனி, கம்பம் வழியா கம்பம்மெட்டு ஏறி, 10 மணிக்குள்ள மேல போய்ச் சேரணும். மத்தியானம் தேக்கடி. ராத்திரி வீடு. இது நடக்குமா?

இன்னொரு விஷயமும் சொல்லணும். அம்மா பொறந்தது கோம்பை. மேல இருக்கிற ராமக்கல் பாறைக்கு நேர் கீழ, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற ஊர். சின்ன வயசுல தினமும் அந்தக் கல்லை அண்ணாந்து பார்த்துத்தான் வளந்திருக்காங்க. அவங்க அப்பா ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு அந்த மலைப்பாதையில ஏறிப் போவாராம். அம்மா ஒரு தடவைகூட மேல போனதில்ல. "அங்கேருந்து நம்ம ஊரு எப்படித் தெரியும்னு பார்க்கணும்டா"ன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்காங்க. காத்து பயங்கரமா அடிக்கும்னு கேள்விப்பட்டேன். போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

சக்கரம்78 · ஜூலை 14, இரவு 10.15

ஒரே நாள்ல தேக்கடியையும் சேர்க்காதீங்க சார். மதுரையில இருந்து கம்பம் வரைக்கும் ரோடு நல்லாருக்கு, 3 மணி நேரத்துல வந்துருவீங்க. கம்பத்துல இருந்துதான் கணக்கு மாறும். மெட்டு ஏறுறது முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. மேல கம்பம்மெட்டு செக்போஸ்ட். அதுக்கப்புறம் தூக்குப்பாலம்ங்கிற ஊர், அங்கேருந்து ராமக்கல்மெட்டு. கிலோமீட்டர் பார்த்தா சுமார் 30-தான் வரும், ஆனா அம்மாவை வச்சு ஓட்டுறப்ப ஒன்றரை மணி நேரம் வச்சுக்குங்க. ராமக்கல்மெட்டுல இருந்து குமுளிக்கு அதே மாதிரி இன்னொரு 40 கிலோமீட்டர் வளைவு. பாப்பாவும் அம்மாவும் தாங்க மாட்டாங்க.

சொந்த வண்டிதானே? வாடகை வண்டின்னா கேரளத்துக்கு வரி கட்டியாச்சான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே டிரைவர்கிட்ட கேட்டுருங்க. செக்போஸ்ட்ல போய் நின்னுக்கிட்டுக் கேட்டா ஒரு மணி நேரம் அங்கேயே போயிரும்.

நிழல்படம் · ஜூலை 14, இரவு 11.02

ஆடி மாசம்தான் போகணும். நான் மூணு தடவை போயிருக்கேன், மூணும் ஆனி, ஆடியில. அந்தக் காத்துக்காகத்தானே அந்த இடம். மூடுபனி கேரளப் பக்கத்துல இருந்து முகட்டு மேல ஏறி வந்து, தமிழ்நாட்டுப் பக்கம் பால் பொங்கி வழியிற மாதிரி இறங்கும். பாதி மலை இறங்குறதுக்குள்ள காணாமப் போயிரும். அதை வாழ்க்கையில ஒரு தடவையாவது பார்க்கணும். தை மாசம் போனா வெறும் வெயில்.

ஏலக்காட்டுக்காரி · ஜூலை 15, காலை 6.30

நான் நெடுங்கண்டத்துல இருக்கேன். ராமக்கல்மெட்டு எங்களுக்கு 15 கிலோமீட்டர். எங்க குடும்பம் ரெண்டு தலைமுறையா இங்க ஏலக்காய்த் தோட்டத்துலதான்.

நிழல்படம் தம்பி சொல்றது பொய்யில்ல, அழகுதான். ஆனா இந்த அண்ணன் கேக்குறது காத்தை இல்ல, அவங்க அம்மாவோட ஊரை. ஆடியில வந்தா பத்து நாளைக்கு எட்டு நாள் கீழ ஒண்ணும் தெரியாது. வெள்ளை வேட்டியைக் கண்ணுக்கு முன்னால கட்டிவிட்ட மாதிரி இருக்கும். நடுவுல ரெண்டு நிமிஷம் விலகும், தென்னந்தோப்பு தெரியும், "அதோ"ன்னு கையை நீட்டுறதுக்குள்ள மூடிரும். அம்மா அவ்வளவு தூரம் வந்துட்டு ஊரைப் பார்க்காமத் திரும்பிப் போனா மனசு கேக்குமா?

மழை விஷயமும் இருக்கு. இடுக்கிக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தா சுற்றுலா இடங்களை மூடிருவாங்க. ராத்திரிப் பயணத்துக்கும் தடை போடுவாங்க. கம்பம்மெட்டு ஏறி வந்த பிறகு இங்க கேட்டு பூட்டியிருக்கும்.

பன்னீர்த்தோட்டம் · ஜூலை 15, காலை 8.05

கம்பத்துக்காரன் பேசுறேன். நம்ம கோம்பை ஆத்தாவா! ரொம்ப சந்தோஷம் அண்ணே. கோம்பையில இருந்து ராமக்கல்மெட்டுக்கு ஒத்தையடிப் பாதை இருக்கு. உங்க தாத்தா ஏறுனது அதுவாத்தான் இருக்கும். தேவாரத்துல இருந்து சாக்கலூத்து மெட்டுக்கும் அப்படி ஒண்ணு உண்டு. கூலி வேலைக்குப் போற சனம் முன்ன எல்லாம் அதுலதான் ஏறி இறங்கும். இப்ப எல்லாரும் ஜீப்புல போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளின்னு சுத்திப் போறாங்க. அந்தப் பாதையில நீங்க ஏறணும்னு நினைச்சிராதீங்க. காடு, வனத்துறை அனுமதி இல்லாம போகக் கூடாது.

ஆடிக்காத்துல எங்க கம்பம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மாடியில போட்ட துணி அடுத்த தெருவுல கெடக்கும். கீழயே இப்படின்னா மேல எப்படின்னு யோசிச்சுக்குங்க.

உடுமலைக்காற்று · ஜூலை 15, மதியம் 1.20

காற்றாலைப் பராமரிப்பு வேலையில இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. ராமக்கல்மெட்டுக் காற்றாலைகளுக்கும் ஒரு தடவை வேலையா போயிருக்கேன். "காத்து அதிகம்"னு எல்லாரும் சொல்றாங்க. எவ்வளவு அடிக்குதுங்கிறதை விட எந்தப் பக்கம் அடிக்குதுங்கிறதுதான் அங்க முக்கியம். அதை யாரும் சொல்லலைன்னு எழுதுறேன்.

அந்தப் பாறை விளிம்பு கிழக்கே பார்த்து இருக்கு, அதாவது தமிழ்நாட்டுப் பக்கம். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து மேற்கே இருந்து வரும். நீங்க விளிம்புல நின்னு கீழ பார்க்குறப்ப காத்து உங்க முதுகுல அடிக்கும். பள்ளத்தை நோக்கித் தள்ளும். தென்மேற்கு போய் வடகிழக்கு வந்துட்டா, டிசம்பர், ஜனவரியில, காத்து கீழ இருந்து பாறையில மோதி மேல ஏறி உங்க நெஞ்சுல அடிக்கும். பின்னாலதான் தள்ளும். அதே இடம், அதே பாறை. ஒரு சீசன்ல காத்து விளிம்புக்குக் கொண்டுபோகும், இன்னொரு சீசன்ல விளிம்புல இருந்து விலக்கும்.

இப்ப கணக்கு. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர்ல ஒரு பெரிய ஆளை ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமமா தள்ளும். சமாளிச்சிருவோம். 72 கிலோமீட்டர்ல அது 16 கிலோ ஆயிரும். 6 வயசுக் குழந்தையோட உடம்பு சின்னது, அதனால 8 கிலோன்னு வச்சுக்கலாம். ஆனா குழந்தையோட எடையே 18, 20 கிலோதானே. எடையில பாதிக்குக் கிட்ட அதைத் தள்ளுது. கையைப் பிடிச்சுக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க. ஆடியில அந்தப் பாறை மேல குழந்தையை ஏத்தவே ஏத்தாதீங்க.

அதைவிட ஆபத்து, காத்து ஒரே சீரா அடிக்காது. விட்டு விட்டு அடிக்கும். அடிக்குற காத்துல சாஞ்சு நிக்கிறப்ப சட்டுனு அது நின்னா தடுமாறுவோம். நாங்க எல்லாம் கோபுரத்து மேல கொக்கி மாட்டிக்கிட்டு நிக்கிறவங்க. அங்க சுற்றுலா வர்றவங்க செல்போனைக் கையில பிடிச்சுக்கிட்டு விளிம்புல பின்பக்கமா நகர்றதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கிருச்சு.

வைகைக்கரை · ஜூலை 15, இரவு 9.10

உடுமலை அண்ணே, இதைப் படிச்சுட்டு வீட்ல சத்தமா வாசிச்சுக் காமிச்சேன். ஆகஸ்ட் பயணம் ரத்து. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "நெஞ்சுல அடிக்கிற காத்து வர்ற மாசம் போவோம்"னு சொல்லிட்டாங்க.

அப்ப தை மாசமா? காலையில போறதா, சாயங்காலமா?

ஓய்வு_வாத்தியார் · ஜூலை 16, காலை 7.45

தம்பி, நம் முன்னோர் இதைப் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கே வாடை, தெற்கே தென்றல். கோடை என்றால் வெயில் காலம் என்றே இன்று நினைக்கிறோம். மேல்காற்றுக்கும் அதுவே பெயர். கம்பம் பக்கம் அதையே "மேகாத்து" என்பார்கள். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

"மெட்டு" என்ற சொல்லும் அப்படித்தான். மேடு என்பதன் இன்னொரு வடிவம். மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகும் இடங்களுக்குத் தேனிக்காரர்கள் வழங்கும் பெயர். போடிமெட்டு, கம்பம்மெட்டு, சாக்கலூத்து மெட்டு, ராமக்கல்மெட்டு. மலையாளத்தில் ராமக்கல்மேடு என்று எழுதுகிறார்கள். சீதையைத் தேடி வந்த ராமன் கால் பதித்த கல் என்பது இரண்டு பக்கத்து மக்களும் சொல்லும் கதை. அங்கே இருக்கும் குறவன் குறத்தி சிலை 2005-ல் வைத்தது, 37 அடி உயரம். இடுக்கி அணை நிற்கும் இரண்டு மலைகளுக்கும் குறவன், குறத்தி என்றுதான் பெயர். அந்தப் பெயர்களின் தொடர்ச்சியாகவே இந்தச் சிலை.

காலையா மாலையா என்பதற்குப் படம் எடுக்கும் தம்பி பதில் சொன்னால் நன்று.

நிழல்படம் · ஜூலை 16, காலை 9.30

சரி, ஊர் பார்க்கணும்னா நான் ஒத்துக்கிறேன், தை மாசம் போங்க. ஆனா காலையில போகாதீங்க. கிழக்கே பார்த்த இடம், காலையில சூரியன் நேர முகத்துல இருக்கும். கீழ பள்ளத்தாக்கு முழுக்கப் பனிப்புகையா மங்கித் தெரியும். மத்தியானம் 3 மணிக்கு மேல வெயில் உங்க முதுகுப் பக்கம் வந்துரும். அப்ப கீழ இருக்கிற ஒவ்வொரு தோப்பும் தனித்தனியாத் தெரியும். கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், உத்தமபாளையம், கம்பம்னு வரிசையாப் பிரிச்சுச் சொல்லலாம். எதிர்ல மேகமலைத் தொடர் நீலமா நிக்கும். முல்லைப் பெரியாத்துத் தண்ணி பாயிற வயக்காடு ஒரு பச்சை, திராட்சைப் பந்தல் இன்னொரு பச்சை, தண்ணி பாயாத மானாவாரி நிலம் செம்மண். இந்த வித்தியாசத்தை மேல இருந்து பார்த்தாத்தான் புரியும்.

பைனாகுலர் இருந்தா எடுத்துக்குங்க.

பன்னீர்த்தோட்டம் · ஜூலை 16, காலை 10.12

அந்தப் பெரியாத்துத் தண்ணி 1895-ல பென்னிகுக் அணை கட்டலைன்னா வந்திருக்காது. லோயர் கேம்ப்ல அவருக்கு மணிமண்டபம் இருக்கு. குமுளி வழியா இறங்குனா பாத்துட்டுப் போங்க. அப்படியே எங்க ஊருப் பன்னீர்த் திராட்சையும் ஒரு கூடை வாங்கிக்குங்க, புவிசார் குறியீடு வாங்குன பழம்.

மூட்டுவலி_முகாம் · ஜூலை 16, மாலை 5.50

எனக்கு 61 வயசு. ரெண்டு முழங்காலும் தேய்மானம். போன பிப்ரவரியில மகளோட போனேன். அம்மாவுக்காக எழுதுறேன்.

வண்டி நிக்கிற இடத்துல இருந்து சிலை இருக்கிற குன்றுக்குப் பாதை போட்டிருக்காங்க. ஏத்தம்தான், ஆனா உக்காந்து உக்காந்து போயிரலாம். அங்க நின்னாலே கீழ முழுசாத் தெரியும். ராமக்கல் பாறை பக்கத்துக் குன்று. அதுக்கு மூங்கில் புதர் வழியா நடந்து, கடைசியில பாறையைப் பிடிச்சு ஏறணும். நான் ஏறல. ஏறலைங்கிற குறை எனக்கு இல்ல.

காது! இதை யாரும் சொல்லல. மஃப்ளர் கட்டாமப் போய், ராத்திரி முழுக்கக் காது குடைஞ்சு தூங்கல. பஞ்சு வச்சு, மேல மஃப்ளர் கட்டச் சொல்லுங்க. புடவைன்னா முந்தானையை இழுத்துச் சொருகி, மேல ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கணும். கொசுவத்துல நாலு ஊக்கு குத்திக்கிட்டா நிம்மதியா நடக்கலாம். இல்லாட்டி ரெண்டு கையும் புடவையைப் பிடிக்கவே சரியாப் போகும், கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கக் கை இருக்காது. குடை வேண்டவே வேண்டாம். கண்ணாடி போடுறவங்கன்னா பின்னால ஒரு கயிறு கட்டிருங்க.

ஜீப் சவாரின்னு வந்து கேப்பாங்க. காற்றாலைப் பக்கமும் ஆமைப்பாறைப் பக்கமும் கூட்டிட்டுப் போறது. என் மகள் ஆசைப்பட்டான்னு ஏறினேன். அந்த டிரைவர் "மெதுவாப் போப்பா"ன்னு எத்தனை தடவை சொல்லியும் கேக்கல. குலுக்கின குலுக்கல்ல இடுப்பு ஒரு வாரம் நிமிரல. எல்லாரும் அப்படி இல்லன்னு அப்புறம் நாலு பேர் சொன்னாங்க. ஆனா மூட்டு வலி உள்ளவங்க ஏறாதீங்க.

ஏலக்காட்டுக்காரி · ஜூலை 16, இரவு 8.15

அக்கா சொன்ன ஊக்கு விஷயம் நூத்துக்கு நூறு.

அண்ணே, சாயங்காலம் வரைக்கும் இருந்தா ராத்திரி இறங்காதீங்க. ராமக்கல்மெட்டுலயோ தூக்குப்பாலத்துலயோ ஒரு ராத்திரி தங்குங்க. மெட்டுல மூடுபனி எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது. ஜன்னல் மேற்கே இருக்கா கிழக்கே இருக்கான்னு கேட்டு ரூம் எடுங்க. தை மாசம் கிழக்கு ஜன்னல்னா ராத்திரி முழுக்க விசிலடிக்கும், குழந்தை பயந்துக்கும். ஆனா அந்த ஜன்னல்ல இருந்துதான் கீழ ஊரு விளக்கெல்லாம் தெரியும். நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

தண்ணியை வீட்ல இருந்தே பெரிய பாத்திரத்துல கொண்டுவாங்க. சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலும் சிப்ஸ் கவரும் தயவு செஞ்சு வேண்டாம். காத்துல கை தவறினா அது பறந்து பாறைக்குக் கீழ காட்டுக்குள்ள போய் விழுது. அதை எடுக்க யாராலயும் முடியாது.

புதுப்பயணி · ஜூலை 17, காலை 11.00

பஸ்ல போக முடியுமா? காலேஜ் பசங்க நாங்க நாலு பேர்.

சக்கரம்78 · ஜூலை 17, காலை 11.25

கம்பத்துல இருந்து நெடுங்கண்டம் பஸ் கம்பம்மெட்டு வழியாத்தான் போகும். தூக்குப்பாலத்துல இறங்கி ஆட்டோவோ ஜீப்போ பிடிங்க. திரும்பி வர்ற கடைசி பஸ்ஸை இறங்கினவுடனே விசாரிச்சு வச்சுக்குங்க தம்பி.

உடுமலைக்காற்று · ஜூலை 17, மதியம் 2.40

புதுப்பயணி தம்பிக்கு மட்டும். நீங்க ஆடியிலதான் போவீங்கன்னு தெரியும். விளிம்புல இருந்து ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு தள்ளி நில்லுங்க. படம் எடுக்கணும்னா உக்காந்து எடுங்க. கம்பி வேலி இருக்கிற இடத்துல அதைத் தாண்டாதீங்க. மேற்கே பார்த்துத் திரும்பி நின்னு காத்தை முகத்துல வாங்குங்க, அதுவே போதுமான சுகம்.

வைகைக்கரை · ஜனவரி 27, இரவு 10.30

எல்லாருக்கும் நன்றி. ஆறு மாசம் கழிச்சு எழுதுறேன். போன சனிக்கிழமை போய்ட்டு வந்துட்டோம்.

காலையில 8 மணிக்கு நிதானமா கிளம்பினோம். தேக்கடி கிடையாது. கம்பத்துல சாப்பாடு. மெட்டு ஏறுறப்ப அம்மா கையில எலுமிச்சம்பழம், பொண்ணு மடியில படுத்துக்கிட்டா. மேல ரூம்ல பையை வச்சுட்டு 3.30-க்கு நடக்க ஆரம்பிச்சோம். மஃப்ளர், பஞ்சு, கொசுவத்துல நாலு ஊக்கு, எல்லாம் அக்கா சொன்னபடி. சிலை இருக்கிற குன்றுக்கு மட்டும்தான். நாலு இடத்துல உக்காந்து உக்காந்து அம்மா ஏறிட்டாங்க. குறத்தி சிலையை மட்டும் கொஞ்ச நேரம் நின்னு பார்த்தாங்க.

காத்து நெஞ்சுலதான் அடிச்சுது. உடுமலை அண்ணனை நினைச்சுக்கிட்டேன். பொண்ணு வாயைத் திறந்து காத்தைக் குடிக்கிற மாதிரி நின்னா. அம்மா கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, முதல்ல கண்ணை மூடித்தான் நின்னாங்க. அப்புறம் திறந்தாங்க.

ரொம்ப நேரம் ஊரு எதுன்னு கண்டுபிடிக்க முடியல. நான் தேவாரத்தைக் காட்டி இதுதான்னேன். "போடா, அது கோம்பை இல்ல"ன்னாங்க. பைனாகுலரும் அவங்களுக்குப் பிடிபடல. கடைசியில கண்மாய்த் தண்ணி வெயில்ல பளிச்சுன்னு அடிச்சுது, அதை வச்சுப் பிடிச்சுட்டாங்க. கண்மாய், அதுக்கு இடதுல தோப்பு, அப்புறம் வீடுங்க.

யாரும் இங்க சொல்லாத ஒண்ணு நடந்தது. 5 மணிக்கு மேல எங்களுக்குப் பின்னால சூரியன் இறங்க இறங்க, நாங்க நிக்கிற மலையோட நிழல் கீழ பள்ளத்தாக்குல விழ ஆரம்பிச்சுது. முதல்ல அடிவாரத்துக் காடு கருத்துது. அப்புறம் அந்தக் கோடு மெதுவாத் தோப்புக்குள்ள நகர்ந்துது. தேவாரத்துல, உத்தமபாளையத்துல எல்லாம் நல்ல மஞ்ச வெயில் இருக்கு. இந்த நிழல் மட்டும் கோம்பையைப் பார்த்து ஊர்ந்து போகுது.

அம்மா என் கையைப் பிடிச்சாங்க. "எங்க ஊருல மட்டும் வெயில் சீக்கிரம் போயிரும்டா. அஞ்சரைக்கெல்லாம் எங்கம்மா விளக்கேத்திரும். பக்கத்து ஊர்ல வெளிச்சமா இருக்கும், நாங்க அடுப்பு பத்தவச்சுக்கிட்டு இருப்போம். இந்தக் கல்லோட நிழல்தானா அது"ன்னாங்க.

நிழல் கண்மாய்க்கு வந்ததும் தண்ணியோட பளபளப்பு அணைஞ்சுது. 5.35 இருக்கும். அடுத்து வீடுங்க மேல ஏறிச்சு. அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு நின்னாங்க, முதல் விளக்கு எரியிற வரைக்கும்.